லூயிஸ் அமைப்பு: பங்கு பிரிக்கும்போது கணக்கு உதைக்கும் இடம்

காரைக்குடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். நேற்று நைட்ரேட் அயனிக்கு (NO₃⁻) லூயிஸ் அமைப்பு, அதாவது எலக்ட்ரான் புள்ளியாகவும் பிணைப்பு கோடாகவும் இருக்கும் படம், வரைந்து ஒவ்வோர் அணுவுக்கும் முறைசார் மின்சுமை போடச் சொன்னேன். பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பிரித்தால் அணுவின் கணக்கில் வரும் மின்சுமை அது. பதினோரு பேரில் நாலு பேர் நைட்ரஜன் மேல் −3 போட்டிருந்தார்கள். அந்த வயதில் நானும் அதையே போட்டவன்தான். புள்ளி விட்டுப்போவது, கோடு விட்டுப்போவதெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

பிணைப்பு எலக்ட்ரானை முழுசாக எண்ணுவது

எண்ம விதி (அணுவைச் சுற்றி எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பது) பார்க்கும்போது பிணைப்பிலுள்ள இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு அணுவுமே தன்னுடையதாக எண்ணிக்கொள்ளலாம். முறைசார் மின்சுமைக்கு ஆளுக்கு ஒன்றுதான். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: அணுவின் இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களிலிருந்து, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான்களையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழி. எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே வந்த கைக்கு அந்தப் 'பாதி' கண்ணில் படாது.

பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். கல்யாணம், படைப்பு என்றால் இரண்டு பங்காளிக்கும் முழு வீடும் "எங்க வீடு". பத்திரத்தோடு உட்கார்ந்தால் ஆளுக்குப் பாதி. எண்மம் கல்யாண நாள். மின்சுமை பத்திரம் எழுதும் நாள்.

நைட்ரேட்டில் மொத்தம் 24 எலக்ட்ரான்: 5 + 18, எதிர்மின்சுமைக்கு இன்னும் 1. நைட்ரஜனுக்கு 5 − 4 = +1. இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு 0. மற்ற இரண்டுக்கும் −1. கூட்டினால் −1, அயனியின் மின்சுமையும் அதுவே. அந்த நாலு பேர் கணக்கைக் கூட்டினால் −9! ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்ட ஊரில் பிறந்துவிட்டு, கூட்டிப் பார்க்காமல் தாளை நீட்டுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். உதைப்பது 8; பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானும் 8. தப்பு எங்கே என்று அந்தத் தொகையே காட்டிக்கொடுக்கிறது.

ஆக்சிஜன் மேல் கூட்டல் குறிக்குப் பயப்படுவது

கார்பன் மோனாக்சைடுக்கு நான் பரீட்சையில் இரட்டைப் பிணைப்பு போட்டுவிட்டு வந்தேன். இரண்டு மின்சுமையும் சுழி, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கார்பனைச் சுற்றி ஆறே எலக்ட்ரான். முப்பிணைப்பு போட்டால் கார்பன் −1, ஆக்சிஜன் +1. எலக்ட்ரானை இழுக்கிற ஆக்சிஜன் மேல் கூட்டல் குறியா என்று கை கூசிவிட்டது. முறைசார் மின்சுமை வெறும் காகிதப் பங்குதான், அசல் மின்சுமை இல்லை. ஆனாலும் அந்த மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் (இரு முனைகளிலும் மின்சுமை எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு) சுமார் 0.1 டிபைதான், அதிலும் எதிர்முனை கார்பன் பக்கமே இருக்கிறது.

ஆக்சிஜனேற்ற எண்ணோடு குழப்புவது

நைட்ரேட்டின் நைட்ரஜனுக்கு முறைசார் மின்சுமை +1, ஆக்சிஜனேற்ற எண் +5. அங்கே பங்கே கிடையாது. அதிகம் இழுப்பவனுக்கே முழுச் சொத்தும்.

அயனிக்கு அடைப்புக்குறி

போடு. வெளியே மின்சுமையையும் எழுது.

நேர்மின்சுமைக்கு எலக்ட்ரானைக் கூட்டுவது

அம்மோனியத்துக்கு (NH₄⁺) மொத்த எலக்ட்ரான் 5 + 4 − 1 = 8. உனக்கு 10 வந்தால் குறியைத் தலைகீழாகப் படித்திருக்கிறாய்.