பக்கவாட்டில் நடந்து வருபவருக்கு ஒரு பாப்-அப்: 3×3 மீட்டர் ஸ்டாலை அமைக்கும் முறை

கண்காட்சி ஸ்டாலின் பின்னால், மடக்கு ஃபிரேமை விரித்து நிறுத்தும் படத்திரைதான் பாப்-அப் பேக்டிராப். அதை டிசைனர் கம்ப்யூட்டர் திரையில் நேருக்கு நேர் பார்த்து வரைகிறார். ஆர்டர் கொடுத்தவரும் அதே மாதிரி பார்த்து ஓகே சொல்கிறார். கண்காட்சிக்கு வருபவர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் நடைபாதையில் நடந்து வருகிறார், ஸ்டால்கள் அவருக்குப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. நிற்பதா போவதா என்று அவர் முடிவு செய்யும் நேரத்தில் உங்கள் பின்சுவர் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. நல்ல செலவில் அழகாக அடித்த பேக்டிராப்பும் ஆளை இழுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்டால் 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர். நடைபாதை 3 மீட்டர். ஒருவர் அதன் நடுவில் இடமிருந்து வலமாக வருகிறார். உங்கள் முதல் தடுப்புச் சுவருக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கும்போது அவருக்குத் தெரிவது தூரத்துப் பக்கச் சுவரின் முன்பாதி மட்டும். பின்சுவரின் வலது ஓரம் தலைகாட்டுவதே, அவர் சுமார் ஒன்றரை மீட்டர் அருகில் வந்த பிறகுதான். இரண்டு எட்டு வைத்தால் ஸ்டால் வாசலுக்கே வந்துவிடுவார். மொத்தம் ஆறு எட்டில் உங்களைத் தாண்டிவிடுவார்.

கோவை அவிநாசி சாலையில் இருக்கும் கொடிசியா கண்காட்சி வளாகத்தில், ஹோட்டல்களுக்கு டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்த்து மாவை இறக்கும் கிரைண்டர்) செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை ஸ்டால் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் எல்லாம் அந்த ஸ்டாலை மனதில் வைத்துச் சொல்வது. பொருள் மாறினாலும் அளவும் கோணமும் மாறாது.

முதலில் ஹால் வரைபடம்

டிசைனரிடம் போவதற்கு முன் அமைப்பாளரிடம் ஹால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். நுழைவாயில் எந்தப் பக்கம், உங்கள் வரிசைக்குக் கூட்டம் எந்த முனையிலிருந்து வரும், தூண் எங்கே, பிளக் பாயிண்ட் எந்த மூலையில் என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வருவார்கள், உண்மைதான். ஆனாலும் நுழைவாயில் பக்கமிருந்து வருபவரையே கணக்கில் எடுங்கள். அவர் அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார். கையில் பை சேரவில்லை, கால் வலிக்கவில்லை. திரும்பி வருபவருக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு ரோல்-அப் ஸ்டாண்டி (சுருளிலிருந்து மேலே இழுத்து நிறுத்தும் பேனர்) போதும்.

அடுத்தது உள்ளளவு. 3 மீட்டர் ஸ்டால் என்பது வெளியளவு. அலுமினியக் கம்பங்களின் தடிமன் போக உள்ளே கிடைப்பது 3 மீட்டருக்குக் குறைவுதான். சந்தையில் ‘10×8 அடி’ என்று விற்கும் 4×3 கட்டப் பாப்-அப்பை (அகலத்தில் நான்கு கட்டம், உயரத்தில் மூன்று) விரித்தால் ஏறத்தாழ 3 மீட்டர் வரும். அது உள்ளே போகாது. அல்லது கம்பத்தை உரசிக்கொண்டு வளைந்து நிற்கும். முதல் முறை ஸ்டால் போடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இந்த ஸ்டாலுக்குச் சரியானது ‘8×8’ என்று சொல்லும் 3×3 கட்ட ஃபிரேம்: விரித்தால் சுமார் 2.25 மீட்டர் அகலம், அதே உயரம், 30 சென்டிமீட்டர் ஆழம். அடிக்கணக்கை நம்பி வாங்க வேண்டாம். கடையில் விரித்து வைக்கச் சொல்லி டேப் பிடித்துப் பாருங்கள்.

மூலையில் சாய்த்து வையுங்கள்

ஃபிரேமைப் பின்சுவரோடு ஒட்டி நேராக வைக்காதீர்கள். கூட்டம் இடமிருந்து வந்தால் வலது பின்மூலையில், 45 பாகையில் குறுக்காக நிறுத்துங்கள். ஃபிரேமின் பின்புற முனைகள் இரண்டு சுவரையும் மூலையிலிருந்து சுமார் 1.6 மீட்டரில் தொடும். இப்போது அதன் ஓரம், வருபவருக்கு மூன்றரை மீட்டர் தொலைவிலேயே தெரிய ஆரம்பிக்கிறது. நேராக வைத்த பேக்டிராப் எட்டிப் பார்க்கத் தொடங்கும் அதே ஒன்றரை மீட்டரில், சாய்த்து வைத்ததில் பாதி முகம் தெரிந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஃபிரேமுக்குப் பின்னால் ஒன்றேகால் சதுர மீட்டருக்கு ஒரு முக்கோண அறை கிடைக்கிறது. கேட்லாக் கட்டு, ஊறவைத்த உளுந்துப் பாத்திரம், தண்ணீர் கேன், ஊழியர்களின் பை, டிபன் பாக்ஸ் எல்லாம் அங்கே போய்விடும். மேஜைக்கு அடியில் பிளாஸ்டிக் பை தெரியும் ஸ்டாலில் எவ்வளவு நல்ல டிசைனும் எடுபடாது. உள்ளே கைவிட ஒரு முனையை மட்டும் சுவரிலிருந்து விலக்கி 40 சென்டிமீட்டர் சந்து விடுங்கள். பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கமாக அந்தச் சந்து இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் மூன்றாம் நாள் பியூஸ் போகும்போது முழு ஃபிரேமையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டாலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சுவர் இரண்டுதான். அவை சேரும் மூலையில் சாய்த்து வைத்தால் இரண்டு நடைபாதைக்கும் முகம் காட்டும்.

எழுத்து

சாய்த்து வைத்த ஃபிரேமில் முதலில் தெரிவது வலது பாதி. ஆகவே தலைப்பை இடமிருந்து வலமாக முழு அகலத்துக்கும் நீட்டாமல், வலது பாதியில் இரண்டு வரியாக அடுக்குங்கள்:

ஹோட்டல்
கிரைண்டர்

அதற்குக் கீழே சின்னதாக ‘10 லிட்டர் முதல் 40 லிட்டர் வரை’. அவ்வளவுதான். கம்பெனி பெயர் ஏற்கெனவே முகப்பில், மேலே பெயர் எழுதும் பட்டையான ஃபேஷியாவில் இருக்கிறது. உங்களை இன்னும் தெரியாதவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. ‘ஹோட்டல் கிரைண்டர்’ என்ற இரண்டு சொல் ஒரு மெஸ் நடத்துபவரை அப்படியே நிறுத்தும். லோகோவை இடது மேல் மூலையில் வையுங்கள். ஸ்தாபித்த ஆண்டு, ஐஎஸ்ஓ முத்திரை, பன்னிரண்டு மாடலின் படம், கிளை முகவரி எல்லாம் கேட்லாக்கில் இருக்க வேண்டியவை.

எழுத்தின் உயரத்துக்குப் பழக்கத்தில் இருக்கும் கணக்கு: 3 மீட்டர் தொலைவுக்கு 25 மில்லிமீட்டர். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. தமிழில் ‘கி’யின் மேல்விலங்கு மேலே போகிறது, ‘கூ’வின் சுழி கீழே இறங்குகிறது, ஒரே பாயிண்ட் அளவில் அடித்தால் எழுத்தின் உடல் சிறுத்துவிடும். எனவே ஒன்றரை மடங்கு வையுங்கள். தலைப்பை நடந்தபடியே ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்பதால் அதற்கு இன்னும் பெரிதாக 12 முதல் 15 சென்டிமீட்டர், அடுத்த வரிக்கு 5. வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரிச் சுழி கீழ்வரிப் புள்ளியில் போய் முட்டும். மெல்லிய கோட்டு எழுத்துரு துணியில் கரைந்துவிடும், தடித்தது வேண்டும்.

தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் வரை எதையும் எழுதாதீர்கள். மெஷினும் மனிதர்களின் காலும் அதை மறைக்கும். தலைப்பு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தால், நாலு பேர் நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலாகப் படிக்கலாம். கியூஆர் கோடை பேக்டிராப்பில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் போன் அதைப் படிக்கத் தடுமாறும். கவுண்டரின் மேல் ஒரு அக்ரிலிக் ஸ்டாண்டில் 6 சென்டிமீட்டர் சதுரமாக வைத்தால் போதும்.

ஃபைல், பிரிண்டிங்

ஃபிளெக்ஸ் வேண்டாம். மடித்த தடம் போகாது, விளக்கு பட்டால் பளபளக்கும். பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் பிரிண்ட் (சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றும் முறை), 220 முதல் 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), ஓரத்தில் வெல்க்ரோ. துணிக்குப் பதில் பிவிசி பேனல் வகைதான் என்றால் மேட் லேமினேஷன் கட்டாயம். பேனல் சேரும் கோட்டின் இருபுறமும் 5 சென்டிமீட்டருக்கு முகமோ எழுத்தோ வராமல் பாருங்கள்.

ஃபிரேம் விற்றவரிடமே டெம்ப்ளேட் வாங்கி, முழு அளவில் 100 முதல் 150 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), அச்சு மைக்கான சிஎம்ஒய்கே வண்ணத்தில் பிடிஎஃப் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் டிபிஐயைப் பத்து மடங்காக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த மெஷின் படத்தை வைத்து வேலை செய்யவே கூடாது.

தமிழுக்கு ஒரு தனிச் சோதனை தேவை. பழைய டிசைன் மென்பொருளில் யூனிகோட் தமிழ் உடையும்: ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரியும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். பழைய தனிக் குறியீட்டு எழுத்துருவில் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்து நிற்கும். எல்லா எழுத்தையும் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிறகு, தமிழ் படிக்கத் தெரிந்த, டிசைனில் கைவைக்காத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டிசைன் செய்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

பிரிண்ட் போகும் முன் தலைப்பை மட்டும் நிஜ அளவில் தாள்களில் அடித்து ஒட்டி, சுவரில் அதே உயரத்தில் மாட்டுங்கள். அதைப் பார்த்து நிற்காமல், அதன் பக்கமாக நடந்து போங்கள். நடக்கும் வேகத்தில் ஒரே பார்வையில் படிக்க முடிந்தால் சரி.

நடைபாதை ஓரத்தில் மெஷின்

பேக்டிராப்பை விட வலுவாக இழுப்பது அசையும் பொருள். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரை வலது முன்மூலையில், ஸ்டால் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, டிரம் நடைபாதைப் பக்கம் சாயும்படி வையுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் கூட நீளக் கூடாது. நிறைய கண்காட்சிகளில் அதற்குத் தடை.

டிரம்மை வெறுமனே ஓட்டினால் கல் தேயும், சத்தமும் அதிகம். ஊறிய உளுந்து ஒரு கிலோ போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். கால் மணி நேரத்தில் மாவு வெளுத்து, கல்லின் தோளில் ஏறி மடிந்து மடிந்து விழும். அந்த மடிப்பைப் பார்த்ததும் ஹோட்டல்காரர்கள் தாங்களாகவே கிட்ட வந்து, ஒரு துளியை விரலில் தொட்டுப் பார்க்க வருவார்கள். அதனால் ஓடும்போது ஒருவர் மெஷினை விட்டு நகரக் கூடாது; தொட்டுப் பார்க்க மாவைக் கரண்டியில் எடுத்து நீட்டுங்கள். பிறகு நிறுத்தி, டிரம்மைக் கவிழ்த்து மாவை இறக்குங்கள். மெஷினின் முக்கியமான வேலையே அந்தக் கவிழ்ப்புதான். பேக்டிராப்பில் ஒரே ஒரு படம் போடுவதென்றால் கவிழ்ந்த டிரம்மிலிருந்து மாவு வழியும் அந்த நொடியைப் போடுங்கள். மெஷினுக்கும் படத்துக்கும் அப்போதுதான் தொடர்பு இருக்கும்.

மெஷினுக்கு அடியில் ரப்பர் மேட் கட்டாயம். கார்பெட்டில் மாவு சிந்தினால் மறுநாள் புளித்து நாறும்.

1 எச்பி மோட்டார் 746 வாட், தொடக்கத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஸ்டாலோடு தரும் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். 15 ஆம்பியர் பாயிண்ட், எர்த்தோடு வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்திலேயே எழுதுங்கள். அன்று காலையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

மேஜையை ஸ்டால் வாசலுக்குக் குறுக்கே போடாதீர்கள், அது வேலி. இடது சுவரோரம் நீளவாக்கில் தள்ளுங்கள். வாசல் ஒன்றரை மீட்டராவது திறந்திருக்கட்டும்.

மாட்டும் நாள்

இரண்டு பேர் வேண்டும். ஃபிரேமைத் தரையில் வைத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் தானே விரியும். பிறகு கொக்கிகளை மேலிருந்து கீழாகப் பூட்டுங்கள். பலவந்தப்படுத்தினால் இணைப்பு முடிச்சின் பிளாஸ்டிக் உடையும், அதற்குக் கடையில் உதிரி உடனே கிடைக்காது. இரண்டு முடிச்சு கூடுதலாக வாங்கி வைத்திருங்கள்.

பேனல்களுக்கு நடுவே மேலே இடைவெளி, கீழே ஒட்டல் என்று வந்தால் பேனலில் குற்றமில்லை, தரை சமமாக இல்லை. அட்டையை மடித்துத் தாழ்ந்த காலின் அடியில் வையுங்கள். துணிச் சுருக்கத்துக்கு கையடக்க ஸ்டீமர். இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் பாலியஸ்டர் மின்னிவிடும், அந்தத் தடம் போகாது. தடுப்புச் சுவரில் ஆணி, துளை, பசை எதற்கும் அனுமதி இருக்காது. எஸ் கொக்கியும் சங்கிலியும் கொண்டு போங்கள்.

விளக்கின் ஒளி நிறம் 4000 கெல்வின், அதாவது நடுத்தர வெள்ளை. மஞ்சள் விளக்கில் மாவு பழுப்பாகவும், 6500-இல் எவர்சில்வர் நீலம் பாய்ந்தும் தெரியும். ஃபிரேமின் மேலிருந்து கை போல நீளும் விளக்குகளை 45 பாகையில் சாய்த்துக் கட்டி, நடைபாதையில் பத்து மீட்டர் பின்னால் போய், நுழைவாயில் பக்கமிருந்து நடந்து வந்து பாருங்கள். எவர்சில்வர் டிரம் கண்ணில் அடித்தால் விளக்கை ஒரு சாண் நகர்த்துங்கள். அமைப்பாளர் மாட்டிய ஸ்பாட் லைட்டுகளின் திசையை மாற்ற எலக்ட்ரீஷியனை முதல் நாள் மாலையிலேயே கூப்பிட்டுவிடுங்கள். திறப்பு விழாக் காலையில் அவரைப் பிடிக்க முடியாது.