ஊரில் டெபாசிட், அமெரிக்காவில் வேலை: எஃப்பார் தாக்கல் செய்வது எப்படி?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் ஊரில் ஒரு என்.ஆர்.இ. டெபாசிட்டோ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைப்பது), அம்மாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டோ இருக்கும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், கருவூலத் துறையின் ஃபின்சென் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வரி கட்டுவது வேறு, தெரிவிப்பது வேறு. வட்டியே வராத கணக்கும் இதில் சேரும். அதற்கான படிவம் 114-ஐத்தான் எஃப்பார் என்கிறார்கள். கட்டணம் எதுவும் கிடையாது.

படி 1: நீங்கள் இதில் வருகிறீர்களா?

குடியுரிமை பெற்றவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், வரிக் கணக்கில் ரெசிடென்ட் ஆகிவிட்ட எச்-1பி ஊழியர் எல்லோரும் வருவார்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை தேவையில்லை.

படி 2: பட்டியல் போடுங்கள்

சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்துக்கான கணக்கு), பி.பி.எஃப்., டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி. பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: அப்பாவின் பணமே ஆனாலும், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால் அதையும் எழுத வேண்டும். உங்கள் பெயரில் நேரடியாக இருக்கும் வீடு, நிலம், லாக்கரில் உள்ள நகை இதில் வராது.

படி 3: உச்ச இருப்பைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு கணக்கிலும் அந்த ஆண்டில் இருந்த அதிகபட்சத் தொகையை ஸ்டேட்மென்ட் பார்த்துக் குறியுங்கள். கருவூலத் துறை வெளியிடும் டிசம்பர் 31 மாற்று விகிதத்தில் டாலராக்குங்கள். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் பாதியை அல்ல, முழுத் தொகையையும் எழுத வேண்டும். இரண்டு கணக்கில் தலா 6,000 டாலர் இருந்தால் மொத்தம் 12,000. இரண்டையுமே காட்ட வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். பதிவு கையில் இருக்கும். 2026 ஜனவரி முதல் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்பும் பணத்துக்கு 1% வரி உண்டு, வங்கிக் கணக்கிலிருந்து போவதற்கு இல்லை.

படி 4: அனுப்புங்கள்

ஃபின்செனின் பி.எஸ்.ஏ. இ-ஃபைலிங் தளத்தில் ஆன்லைனிலேயே நிரப்பலாம். வருமான வரி ரிட்டர்னோடு இது போகாது, தனியாக அனுப்ப வேண்டும். கெடு ஏப்ரல் 15. தவறினால் விண்ணப்பிக்காமலே அக்டோபர் 15 வரை நீளும். அனுப்பிய சான்றையும் ஸ்டேட்மென்ட்களையும் ஐந்து ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

படி 5: ரிட்டர்னிலும் அதையே சொல்லுங்கள்

ஷெட்யூல் பி-யின் மூன்றாம் பகுதியில் வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைக்காதீர்கள்; இங்கே அது வருமானம்தான். என்.ஆர்.ஓ. வட்டிக்கு இந்தியாவில் கட்டிய வரியைப் படிவம் 1116 மூலம் கழிக்கலாம். அமெரிக்காவில் வாழும் தனிநபரின் வெளிநாட்டு நிதிச் சொத்து ஆண்டுக் கடைசியில் 50,000 டாலரையோ, இடையில் எப்போதாவது 75,000 டாலரையோ தாண்டினால் படிவம் 8938-உம் சேரும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வரம்பு இரட்டிப்பு. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் படிவம் 8621 வரும். அது சிக்கலானது, விவரம் தெரிந்த சி.பி.ஏ.-விடம் (அமெரிக்க ஆடிட்டர்) கொடுப்பதே என் யோசனை.

போன ஆண்டுகளில் விட்டுப்போயிருந்தால்?

கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ள இந்தியாவும் அமெரிக்காவும் 2015-இல் கையெழுத்திட்ட ஃபாட்கா ஒப்பந்தப்படி, இந்திய வங்கிகள் தரும் தகவல் அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-க்குப் போகிறது. ஆகவே சும்மா இருப்பது வழியல்ல. எஃப்பாரைக் கெடுவுக்குள் அனுப்பாத பிட்னர் என்பவரிடம் ஐந்து ஆண்டுகளின் 272 கணக்குப் பதிவுகளுக்கு, தலா 10,000 டாலர் வீதம் 27.2 லட்சம் டாலர் அபராதம் கேட்டார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு அபராதம் கணக்குக்கு ஒன்றல்ல, ஆண்டுப் படிவத்துக்கு ஒன்றுதான் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை 50,000 ஆனது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த 50,000-உம் சிறிய பணமல்ல. வேண்டுமென்றே மறைத்தவர்களுக்கோ கணக்கின் பாதித் தொகை வரைகூட அபராதம் போகும்.

தெரியாமல் விட்டவர்களுக்கு ஸ்ட்ரீம்லைன்டு என்ற திட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டு ரிட்டர்ன் திருத்தம், ஆறு ஆண்டு எஃப்பார், அமெரிக்காவில் வாழ்பவருக்குக் காட்டாமல் விட்ட வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பில் 5% அபராதம். ஐ.ஆர்.எஸ். உங்களைத் தணிக்கை செய்யத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், அதனால் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.