பறிபோன லைசன்ஸைத் திரும்ப எடுக்கையில் விடும் பிழைகள்

என் மச்சான் ஒருவர் வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறார். போகும் வழியில் ஓரிடத்தில் வேகத்துக்குப் பிடிபட்டார். பொலிஸ்காரர் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுத்தார். மச்சான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சட்டை சலவைக்குப் போனது. அக்கா அதை வெளியே எடுத்தபோது உழுந்து வடை மாதிரி ஒரு காகித உருண்டை. விரித்துப் பார்த்தால் இலக்கத்தில் பாதிதான் தெரிந்தது. அன்று பத்தொன்பதாம் நாள்.

அந்தச் சீட்டுக்குப் பதினான்கு நாள்தான் உயிர். அதுவரைக்கும் அதுதான் தற்காலிக அனுமதிப்பத்திரம். பதினான்கு நாளுக்குள் தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்ட வேண்டும். தாண்டினால் இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் இரட்டிப்புத் தொகை. அதையும் தாண்டினால் வழக்கு. அந்த வழக்கும் உங்கள் ஊர்க் கோட்டில் அல்ல, பிடிபட்ட இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில். களுவாஞ்சிகுடிக்காரர் பொலன்னறுவைக்குத் தவணை தவணையாக பஸ் ஏறுவதென்றால், தண்டத்தை விடப் பயணக் காசுதான் கூடப் போகும்.

பலர் காசைக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். லைசன்ஸ் தானாக நடந்து வீட்டுக்கு வராது. பற்றுச்சீட்டோடு எந்தப் பொலிஸ் நிலையம் எடுத்ததோ அங்கேதான் போய் வாங்க வேண்டும். 2025இலிருந்து பல இடங்களில் கோவ்பே (GovPay) என்ற அரசின் இணையக் கட்டண வசதி மூலம் அந்த இடத்திலேயே கட்டி, லைசன்ஸைக் கையோடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். தூரப் பயணம் போகிறவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று சீட்டு எழுதும்போதே கேட்பது நல்லது. எப்படியோ, சீட்டை வாங்கியதும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை நீதிமன்றம் லைசன்ஸை இடைநிறுத்தும்போது வருகிறது. நம் பக்கத்தில் இது பெரும்பாலும் குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளில்தான். இரத்தத்தில் 100 மில்லிலீட்டருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம், அதுதான் எல்லை. முதல் தடவை என்றால் 25,000 முதல் 30,000 ரூபாய் வரை தண்டம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு லைசன்ஸைப் பன்னிரண்டு மாதம் வரை நிறுத்தலாம்.

இங்கே எல்லோரும் தண்டத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். 'குற்றத்தை ஒப்புக்கொண்டு காசைக் கட்டினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்' என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்லுவார். உண்மைதான், போகலாம். ஆனால் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்த 25,000 ரூபாயை விட, அதற்குப் பிறகு வரும் வருமானம் இல்லாத மாதங்கள்தான் தண்டனை. குடும்பம் இந்தத் தொழிலில்தான் ஓடுகிறது, முந்தைய குற்றம் ஒன்றும் இல்லை என்பதையெல்லாம் தண்டனை சொல்லப்படுவதற்கு முன் சட்டத்தரணி மூலம் நீதவானுக்குச் சொல்ல வேண்டும். பிறகு சொல்லிப் பலன் இல்லை. மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு, ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்தக் கதவு அநேகமாக மூடித்தான் இருக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குக் கிளை இருக்கிறது.

இன்னொன்று, வாக்குமூலம். சிங்களத்தில் எழுதியதைப் புரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழியே தமிழ்தான். தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

சரி, இடைநிறுத்தம் வந்துவிட்டது. இனித்தான் உண்மையான சோதனை. 'கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால்தானே பொலிஸ், நான் உள் ஒழுங்கையால்தானே போகிறேன்', 'வயலுக்குத்தானே உழவு இயந்திரத்தில் போகிறேன்', 'கார் ஓட்டித்தானே பிடிபட்டேன், மோட்டார் சைக்கிளுக்கு என்ன' என்று ஆளுக்கொரு நியாயம். அட்டை ஒன்றுதான் ஐயா. நிறுத்தினால் எல்லா வகுப்பும் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது புதிய வழக்கு, பழைய தண்டனையின் மிச்சம் இல்லை. பொலிஸை விடப் பயப்பட வேண்டியது விபத்துக்குத்தான். செல்லுபடியான லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். ஒழுங்கையில் சைக்கிளில் வந்த பிள்ளை மீது முட்டினாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து நட்டஈடு வரை உங்கள் வளவை விற்றுத்தான் கட்ட வேண்டி வரலாம்.

அடுத்தது கொஞ்சம் வெட்கக்கேடான பிழை. லைசன்ஸ் கோட்டில் இருக்கும்போதே 'தொலைந்துவிட்டது' என்று பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதை வைத்துப் பிரதி எடுப்பது. கந்தோர் வாசலில் நிற்கும் புரோக்கர் இதைப் பெரிய சூட்சுமம் மாதிரிச் சொல்லித் தருவார். பொய் முறைப்பாடு தனிக் குற்றம். போக்குவரத்து வழக்காகத் தொடங்கியது, அதற்குப் பிறகு வேறு வகை வழக்காகிவிடும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் அந்தப் பதிவோடுதான் பொலிஸ் நற்சான்றிதழுக்குப் போய் நிற்க வேண்டும். புரோக்கர் அப்போது வாசலில் இருக்க மாட்டார்.

காலம் முடிந்த பிறகு விடும் பிழைகளும் உண்டு. தீர்ப்பு நாளன்றே பதிவாளர் பகுதியில் மூன்று விடயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வழக்கு இலக்கம், இடைநிறுத்தம் முடியும் திகதி, அட்டை நீதிமன்றத்திலேயே இருக்குமா அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகுமா என்பது. இது தெரியாமல் கச்சேரிக்கும் கோட்டுக்கும் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்துக்கும் அலைந்தவர்களின் கதையைக் கேட்டால் நமக்கே களைத்துவிடும். திகதி முடிந்தாலும் அட்டை கையில் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அந்த இடைவெளியில் லைசன்ஸே காலாவதியாகியிருக்கலாம். கனரக வாகன ஓட்டுநர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய அட்டைக்கு நான்கு வருடம்தான், இலகு வாகனத்துக்கு எட்டு. காலாவதியான அட்டையைத் திரும்ப வாங்கி என்ன செய்வது? புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எடுக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியை மறக்காமல் கொண்டு போகட்டும். சீனி, பிறஷர் மருந்து குடிப்பவர்கள் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்வது நல்லது.

கடைசியாக அட்டை உங்கள் கைக்கு வரும் நேரம். பதிவேட்டில் கையெழுத்து வாங்கத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன வகுப்புகள், காலாவதித் திகதி, நான்கையும் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். மச்சான் பாதி இலக்கத்தோடு போய், இரட்டிப்புத் தண்டமும் கட்டி, ஒரு பகல் முழுக்க வாங்கில் இருந்து வாங்கி வந்தது வேறு யாருடையதோ அட்டை. முதலெழுத்தும் பெயரும் ஒன்று, முகம் மட்டும் வேறு. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் பார்த்தாராம்.