பெண் கல்விக்குத் திட்டம் தீட்டும்போது நேரும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு மாவட்டக் கல்வித் திட்டத்தின் வரைவைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர்கள் இளைஞர்கள், உழைப்பாளிகள். மூன்றாம் பக்கத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதிய வாக்கியம் கிடந்தது: “இம்மாவட்டத்தில் பாலின இடைவெளி நீங்கிவிட்டது.” பதறிப்போனேன். கூட்டல் பிழைகளை மேலதிகாரிகள் திருத்திவிடுவார்கள். இதை யாரும் திருத்த மாட்டார்கள்.

அரசுப் பள்ளியை மட்டும் எண்ணுவது

பெண்களின் சேர்க்கை விகிதத்தை ஆண்களின் விகிதத்தால் வகுத்தால் வருவது பாலின சமநிலைக் குறியீடு. 0.97 முதல் 1.03 வரை இருந்தால் சமநிலை என்பது யுனெஸ்கோவின் வரையறை. நாங்கள் அரசுப் பள்ளிப் பதிவேடுகளை மட்டும் எடுத்தோம். பெண்களே கூடுதலாக இருந்தார்கள். மகிழ்ந்துபோய் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

பிறகு ஒரு கிராமத்தில் காலை ஏழரை மணிக்கு நின்றிருந்தேன். தனியார் பள்ளி வேன் வந்தது. ஷூவும் டையுமாகத் தம்பி ஏறிக்கொண்டான். அதே வீட்டின் அக்கா தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு அரசுப் பள்ளிக்கு நடந்தாள். கட்டணம் கட்டும் படிப்பு மகனுக்கு, கட்டணமில்லாதது மகளுக்கு. பையன்கள் வெளியேறியதைத்தான் பெண்களின் முன்னேற்றம் என்று நான் எழுதியிருந்தேன்.

விளைவு சிறியதல்ல. பின்தங்கிய வட்டாரங்களில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவியருக்கு 100 பேர் தங்கும் விடுதி கட்ட மத்திய அரசு 2008-09இல் திட்டம் கொண்டுவந்திருந்தது. இடைவெளியே இல்லை என்று எழுதிய மாவட்டம் விடுதியை எப்படி வலியுறுத்திக் கேட்கும்? எங்கள் கோரிக்கை அடிபட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற, மாணவியருக்கான மத்திய அரசுத் திட்ட உறைவிடப் பள்ளிகளும் அன்று எட்டோடு முடிந்தன. 12ஆம் வகுப்பு வரை அவற்றை நீட்டிக்க 2018இல்தான் வழி பிறந்தது. அந்தக் கிராமத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை.

அரசு, உதவிபெறும் பள்ளி, தனியார் என மூன்றையும் வகுப்புவாரியாகப் பிரியுங்கள். பத்து வீடுகளுக்காவது நேரில் போய், அண்ணன் தம்பி எங்கே படிக்கிறார்கள், அக்கா தங்கை எங்கே என்று கேளுங்கள்.

மாவட்டச் சராசரி

வட்டாரவாரியாக உடையுங்கள். மலையோர வட்டாரம் சராசரிக்குள் மறைந்துவிடும்.

கழிப்பறை

கட்டுமானத்துக்கு மட்டும் தொகை எழுதி, தண்ணீருக்கும் துப்புரவாளர் சம்பளத்துக்கும் எழுதாவிட்டால் அது பூட்டியே கிடக்கும்.

தூரத்தை விட்டுவிடுவது

பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் திட்டம் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் சேர்க்கை அதிகம் உயர்ந்தது. நான் படித்த வரைவில் பள்ளிகளின் எண்ணிக்கை இருக்கிறது; ஊருக்கும் பள்ளிக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை.