"எந்த ஊர்?" எண்டு கேட்டா என்ன சொல்றது? கொழும்பில வளர்ந்த பிள்ளையளுக்கு

வெள்ளவத்தையில ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா பேருக்கு முதல் ஊரைத்தான் கேப்பினம், கொழும்பு எண்டு சொன்னா விடமாட்டினம், "அது சரி, அப்பான்ர ஊர்?" எண்டு வரும், பிறகு "ஆற்ற பேத்தி?" எண்டு வரும். நான் எண்டு ஒருத்தி இஞ்ச நிக்கிறன், அது கண்ணில படேல்லையோ எண்டு எனக்கு கன வருசமா கோவம். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி இது.

முதல்ல ஐடியையும் (இலங்கை அடையாள அட்டை) பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வாசிங்கோ. புது ஐடில 12 இலக்கம், முதல் நாலும் பிறந்த ஆண்டு, அடுத்த மூண்டும் அந்த ஆண்டில எத்தினையாவது நாள், பொம்பிளையெண்டா அதோட 500 கூட்டியிருக்கும். இனம் எண்ட சொல்லே இல்லை, நீங்கள் தனி ஆள். என்ர பிறப்புச் சான்றிதழிலயோ அப்பா அம்மான்ர இனம், தாத்தான்ர பேர் எல்லாம் இருக்கு. ரெண்டும் ஒரே அரசாங்கம் தந்த பேப்பர்தான், ரெண்டும் நான்தான்.

அடுத்தது ஒரு கொப்பியில நடுவால கோடு போடுங்கோ. யாழ்ப்பாணத்துத் தமிழற்ற வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707ல எழுதி எடுத்தவை, அதில சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு பிரிச்சிருக்கு. முதுசம் வழிவழியா வந்தது, தேடியதேட்டம் கலியாணத்துக்குப் பிறகு உழைச்சுச் சேர்த்தது. காணிக்கு வச்ச இந்தப் பிரிவை உங்களுக்கும் வச்சுப் பாருங்கோ. இடப்பக்கம் முதுசம்: கதைக்கிற தமிழ், குலதெய்வம், அம்மம்மான்ர ஒடியல் கூழ். வலப்பக்கம் தேட்டம்: பஸ்ஸில பழகின சிங்களம், பம்பலப்பிட்டி சிநேகிதி, உங்கட வேலை. எதை எங்க போடுறது எண்டு குழம்புற இடத்தில நிண்டு யோசியுங்கோ, எனக்கு சமயம் அப்பிடி இருந்தது, ரெண்டு கிழமை கோட்டுக்கு மேலயே கிடந்தது.

முதுசம் எண்டதுக்காக எல்லாத்தையும் தூக்கி வைக்கத் தேவையில்லை. தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரில இருக்கிற காணியை விக்கிறதுக்கும் புருசன் எழுத்தில சம்மதம் தரவேணும் எண்டு 1911ம் ஆண்டுச் சட்டத்தில இருக்கு, இதை நான் முதுசம் எண்டு தலையில வைக்கமாட்டன். அதே மாதிரி, ஊரைச் சொன்ன பிறகும் "அதில எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி?" எண்டு தோண்டினா அது சாதி கேக்கிறது. அதுக்கு பதில் சொல்லாதேங்கோ, பேசாம "கொழும்பு" எண்டு சொல்லிப்போட்டு எழும்புங்கோ.

ஆனா ஒண்டு, நான் ஒரே பிள்ளை, எண்டாலும் "எங்கட அம்மா" எண்டுதான் வாயில வருது, "என்ர அம்மா" எண்டு சொல்லிப் பாத்தன், ஆரையோ தள்ளி வச்ச மாதிரி இருந்தது. தனி ஆள் எண்டாலும் எனக்குள்ள மற்றவையும் இருக்கினம், அதால இடப்பக்கத்தை நிரப்ப வீட்டுக் கிழவியளிட்ட போங்கோ. போனில ரெக்கோட் போட்டு மேசையில வச்சிட்டு, ஊரைக் கேக்காம அவை சின்னனில என்ன விளையாடினவை எண்டு கேளுங்கோ, கிணறு, வேலி, பக்கத்து வீட்டுச் சண்டை எண்டு ஊர் தானா வரும்.