உப்புக்காற்று ஊரில் இண்டக்ஷன் அடுப்பு: பட்டனை மாற்றுவதும் டச் பேனலைக் காப்பாற்றுவதும்

இண்டக்ஷன் அடுப்பில் ‘பிளஸ்’ஸை அழுத்தினால் டைமர் ஓடுகிறது. யாரும் தொடாமலே ‘பீப்’ அடிக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று பதில் வருகிறது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரிப் பக்கம் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இதே தொல்லைதான். இப்படிப்பட்ட அடுப்பில் பெரும்பாலும் போர்டு போயிருக்காது. போயிருப்பது சில ரூபாய் பெறுமான ஒரு பட்டன். டச் மாடலாக இருந்தால் பல சமயம் அதுகூடப் போயிருக்காது. கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்குள் நடப்பதும் அதுவே. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் தண்ணீராகக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது அரிது. ஆகவே கடல்காற்றில் வந்து படியும் உப்பு எப்போதும் லேசாக நனைந்தே கிடக்கிறது, அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்துகிறது.

முதலில் உங்கள் அடுப்பு எந்த வகை என்று பாருங்கள். அழுத்தும்போது ‘டிக்’ என்று விரலுக்கு உள்வாங்கினால், ஸ்டிக்கருக்குக் கீழே நிஜமான பட்டன் இருக்கிறது. வழவழப்பான கண்ணாடி, எதுவும் அசையவில்லை என்றால் அது டச்.

டச் வகையில் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக ஒரு சின்ன ஸ்பிரிங்கோ செப்புத் தகடோ இருக்கும். விரல் நெருங்கும்போது அதன் மின்தேக்கு அளவு மாறுவதை சிப் கவனிக்கிறது. இதில் முக்கியமான விஷயம்: ‘விரல் இல்லாத நிலை’ எது என்பதை, பிளக்கில் கரண்ட் வந்ததும் சிப் அளந்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பேனல் மேல் ஈரத்துணியோ, பால் சிந்திய ஈரமோ, பாத்திரத்தின் விளிம்போ இருந்தால் கணக்கு முதலிலேயே பிசகிவிடும். அதனால் டச் வேலை செய்யவில்லை என்றால் விரலை அழுத்தி அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு நிமிடம் விட்டு, பேனல் மேல் எதுவும் இல்லாமல் மறுபடி பிளக்கைச் சொருகுங்கள். வாரம் ஒருமுறை இப்படித் துடைத்தால் நல்லது. காய்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர போகாது.

துடைத்தும் ஒரே ஒரு எழுத்து மட்டும் அசையவில்லை என்றால், உள்ளே அந்த ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கலாம், அல்லது சாய்ந்து கண்ணாடியை விட்டு விலகியிருக்கலாம். நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்று புகுந்தாலே உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எல்லா எழுத்தும் தானாகத் துள்ளினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

இனி பட்டன் வகை. இதைத்தான் வீட்டிலேயே சரிசெய்ய முடியும், ஆனால் சால்டரிங் பழக்கம் இருப்பவர்கள் மட்டும் இறங்குங்கள். டிஸ்ப்ளேயே வரவில்லை, ஃபியூஸ் கருகியிருக்கிறது என்றால் அது பட்டன் கோளாறு அல்ல. பவர் பகுதி போயிருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கவிழ்த்து அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மூடி வரவில்லை என்றால் ஒரு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கடியிலோ வாரண்டி ஸ்டிக்கருக்கடியிலோ ஒளிந்திருக்கும், நெம்பாதீர்கள். கம்பிச் சுருளான காயிலின் நடுவிலிருந்து வரும் மெல்லிய சென்சார் வயர் அறுந்தால் அடுப்பு எரர் காட்டி நின்றுவிடும். திறந்ததும் எல்லா வயரையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே செவ்வகப் பெட்டி போல 5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று இருக்கும். வேலை செய்யும்போது அதில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். மல்டிமீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டி.சி.யில் வைத்து அதன் இரு கால்களையும் அளங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொடலாம். இல்லையென்றால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்துக் கால்களின் குறுக்கே சில விநாடி வைத்துவிட்டு மறுபடி அளங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். இன்னொன்று: பட்டன் போர்டில் வெறும் 5 வோல்ட்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பல இண்டக்ஷன் அடுப்புகளில் அந்த 5 வோல்ட், 230 வோல்ட் லைனிலிருந்து பிரிக்கப்படாதது. திறந்த நிலையில் பிளக்கைச் சொருகிப் பட்டனைத் தட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

பட்டன் போர்டைத் தனியே கழற்றினால் நாலு கால் டாக்ட் ஸ்விட்சுகள், அதாவது ‘டிக்’ என்று அமுங்கும் அந்தச் சின்னப் பட்டன்கள், ஆறோ எட்டோ வரிசையாக இருக்கும். பழுதான ஒன்றின் மேல்மூடியைப் பிளந்து பார்த்தால் உள்ளே மிளகளவு உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். புதிதில் வெள்ளிபோல் பளபளக்கும். உப்பேறியதில் நடுவே கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்து, சுற்றிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பல மாடல்களில் எல்லாப் பட்டன்களும் வெவ்வேறு ரெசிஸ்டர்களோடு கோக்கப்பட்டு ஒரே லைனில் சிப்புக்குப் போகின்றன. எந்தப் பட்டன் என்பதை வோல்டேஜ் அளவை வைத்தே சிப் கண்டுபிடிக்கிறது. இந்தக் கறுப்பு கூடுதலாக ஆயிரம், இரண்டாயிரம் ஓம் தடையைச் சேர்த்துவிட்டால் ‘பிளஸ்’ டைமராகத் தெரிகிறது.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, குறுக்கெதிர்க் கால்களில் அளங்கள். கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருப்பதால் அந்த ஜோடியில் வைத்தால் அழுத்தாமலே பூஜ்யம் காட்டும். நல்ல பட்டன் அழுத்தும்போது மீட்டர் வயரின் தடையைத் தவிர வேறெதுவும் காட்டாது. நூற்றுக்கணக்கில் ஓம் காட்டி எண் ஆடிக்கொண்டே இருந்தால் அது போய்விட்டது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போது பலர் தவறுவது உயரத்தில். போர்டிலிருந்து பட்டனின் உச்சிவரை அளந்து, “6×6, நாலு கால், உயரம் 5 மி.மீ.” என்று எழுதிக் கொண்டுபோங்கள். 4.3, 5, 7 என்று பல உயரங்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் கூடினால் மூடியை மாட்டியதும் பட்டன் அமுங்கியே நிற்கும். குறைந்தால் எவ்வளவு அழுத்தியும் எட்டாது. பழைய பட்டனைக் கையோடு எடுத்துப்போவது இன்னும் நல்லது. ரப்பர் சீல் வைத்த டாக்ட் ஸ்விட்ச் அதே அளவில் கிடைத்தால், விலை கூடினாலும் கடற்கரை வீட்டுக்கு அதையே வாங்குங்கள்.

பழுப்பு நிற போர்டில் சூடு அதிகமானால் செப்புத் தடம் உரிந்துவிடும். அதனால் பழைய பட்டனின் உடலை கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக இழுப்பதே பத்திரமான வழி. 25 வாட் அயர்ன், ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடி. பழைய ஈயம் இளகவில்லை என்றால் கொஞ்சம் புது ஈயம் சேருங்கள், உடனே இளகும். புதுப் பட்டனில் ஒரு காலை மட்டும் பற்றவைத்து, அது போர்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற மூன்றையும் பற்றவையுங்கள். பற்றவைத்த இடத்தில் படியும் பிசினான ஃப்ளக்ஸை ஐசோபிரப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷால் ஈயப்பக்கம் மட்டும் துடைக்கவும். பட்டன் பக்கம் ஊற்றினால் கரைந்த ஃப்ளக்ஸ் உள்ளே இறங்கிப் புதுப் பட்டனையே கெடுத்துவிடும். போர்டைக் காக்கப் பூசும் வார்னிஷ் கோட்டிங்குக்கும் இதே எச்சரிக்கை. துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்.

ஆல்கஹாலில் உப்பு கரையாது என்பதையும் நினைவில் வையுங்கள். போர்டில் வெள்ளை பூத்திருந்தால், அல்லது 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நனைந்திருந்தால், பழைய பட்டன்களைக் கழற்றிய பிறகு போர்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள். அதற்குப் பின் ஆல்கஹால், அதற்குப் பின் ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்று.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு பட்டனையும் மீட்டரில் சரிபாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் போட்ட பிறகே பிளக்கில் சொருகி, ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து ஓட்டிப் பாருங்கள். முகப்பு ஸ்டிக்கர் கீறியிருந்தால் பாலும் ரசமும் அதன் வழியே இறங்கும். கண்ணாடி போன்ற மெல்லிய ஓ.எச்.பி. பிளாஸ்டிக் ஷீட்டை அளவாக வெட்டி, ஓரம் முழுக்க இரட்டைப்பக்க டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். செல்லோடேப் சூட்டில் சுருண்டு பிசுபிசுக்கும்.

வீட்டில் கண்பார்வை மங்கிய பாட்டி சமைக்கிறார் என்றால், ஆன், ஆஃப் இரண்டுக்கும் மட்டும் எம்-சீலில் ஒரு கடுகளவு மேடு வையுங்கள். எல்லாப் பட்டனுக்கும் வைத்தால் எதுவும் புரியாது. டச் பேனலில் எழுத்தின் மேல் வைக்கக் கூடாது. விரலால் தடவித் தேடும்போதே அடுப்பு ஓடத் தொடங்கிவிடும். எழுத்துக்கு ஒரு விரல் தள்ளி, மேல்புறம் வையுங்கள்: மேட்டைத் தொட்டு, நேர்கீழே இறக்கினால் ஆஃப். உண்மையில் டச்சின் பெரிய குறையே இதுதான். தேடுவதற்கும் அழுத்துவதற்கும் அதில் வித்தியாசம் கிடையாது.

கண்ணால் பார்க்காமல் கையாள வேண்டிய இடத்தில் இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பதைக் கப்பல், கார் உலகம் விலை கொடுத்துத்தான் கற்றது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாட்டின் டச் ஸ்கிரீன் குழப்பமும் காரணங்களில் ஒன்று என்று விசாரணையில் வந்தது. 2019இல் அந்தக் கடற்படை கையால் தள்ளும் த்ராட்டிலுக்குத் திரும்ப முடிவெடுத்தது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப்பும், இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் கேட்கிறது.

அடுத்த அடுப்பு வாங்கும்போது பட்டனோ திருகுக் குமிழோ உள்ளதையே கேளுங்கள். சலவை இயந்திரம் என்றால், கடிகாரம் போலச் சாவி கொடுத்து ஓடும் திருகு டைமர் வைத்த செமி ஆட்டோமேடிக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டில் சிப்பும் இல்லை, உப்பேறிக் கெட சர்க்யூட் போர்டும் இல்லை. மைக்ரோவேவிலும் இரண்டு குமிழ் மாடல் கிடைக்கும். டச்தான் வேண்டும் என்றால் கடையிலேயே கரண்ட் கொடுக்கச் சொல்லி, விரலை நனைத்துக்கொண்டு ஆன், ஆஃப் இரண்டையும் பத்து முறை தொட்டுப் பாருங்கள். பத்தில் ஒருமுறை ஆஃப் தவறினாலும் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள். பில் போடுவதற்கு முன் பேனல் போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.