ரீமேப்புக்கு முன் கியர்பாக்ஸின் வரம்பைப் பாருங்கள்

ரீமேப் மூலம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி, காரை ட்யூன் செய்பவர்கள் குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறார்கள். கிளட்சையும் கியரையும் பதம் பார்ப்பது டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை. ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. அது தாங்கும் டார்க்கின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். 1.8 லிட்டர் போலோ ஜிடிஐயின் மேனுவல் காருக்கு 320 வரை கொடுத்த அதே நிறுவனம், டிஎஸ்ஜி காரில் 250-ஓடு நிறுத்திக்கொண்டது. தயாரித்தவர்களே தயங்கிய இடம் அது. எனவே, குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் திடீரென எகிறாதபடி ரீமேப்பை அமைக்கச் சொல்லுங்கள்.

மேனுவல் காரா? நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள், காலியான சாலையில்தான். வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. அதை மாற்றும்போதே ஃப்ளைவீல் (கிளட்ச் பற்றிக்கொள்ளும் சக்கரம்), ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்) இரண்டையும் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி மிச்சமாகும். கிளட்ச் அளவுக்கு மீறி வலுவாக இருப்பதும் வம்புதான். அதுவரை நழுவித் தப்பித்த விசை நேராக கியர் பற்களுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். ட்யூன் செய்த டார்க்கைவிடச் சற்றே கூடுதலாகத் தாங்கும் கிளட்ச் போதும்.